பசி போன ஜெகநாதன்

ஆரணி கொசப்பாளையத்துப் பட்டு நெசவாளி ஜெகநாதனுக்குப் பங்குனி மாதம் இரண்டாம் செவ்வாயிலிருந்து, செல்போன் விளையாட்டில் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது. மனைவி காலமாகி இரண்டு வருடமான மனிதர். செய்யாறு கம்பெனியில் வேலை பார்த்து அங்கேயே விடுதியில் தங்கியிருக்கும் மகள் தீபா, அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் நிலத்தை உழுது, நெல்லும் கத்திரியும் விளைவித்து, சமைத்து, இலை போட்டு உட்காரலாம். அன்று மதியம் அப்படி உட்கார்ந்தவருக்கு ஏப்பம் வந்தது. அடுப்பில் வடித்த சோறு அப்படியே இருந்தது, பசி இல்லை.

மறுநாளும் இல்லை. சித்திரையில் டாக்டர் எடை பார்த்தார்: ஐம்பத்தெட்டு கிலோ, கூடவுமில்லை, குறையவுமில்லை. நாக்குக்கு மட்டும் ருசி மறந்துபோனது. மார்க்கெட்டில் கத்திரிக்காயைக் கையில் எடுக்காமல் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அது கூடைக்குள் வந்து விழும் என்று நின்றார். "இன்னா பெரியவரே, கதவா தட்றீங்க?" என்றார் கடைக்காரர். தெருவுக்கு இது பழகிப்போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. "இன்னிக்கு போன்ல இன்னா கொழம்பு?" என்று இரண்டு நாள் கேலி செய்தார்கள், பிறகு அதையும் விட்டார்கள். தினமும் கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து கொடுத்த எதிர்வீட்டு முனியம்மாளும் நிறுத்திக்கொண்டாள். தீபா போன் செய்தால் "சாப்டியாப்பா?" என்றுதான் ஆரம்பிப்பாள். நிறைந்திருக்கிறது என்றதும், அடுத்த பேச்சை எங்கே தேடுவதென்று இருவருக்கும் தெரியாது. பசியில்லாதவனிடம் கேட்க ஊரில் யாரிடமும் எதுவும் இல்லை என்பது வைகாசியில்தான் ஜெகநாதனுக்கு விளங்கியது.

பசி திரும்பினால் போதும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு விளையாட்டை அழித்தார். அழித்த பின்னும் அந்த வயல் எங்கேயோ விளைந்துகொண்டுதான் இருந்தது. வேளை தவறாமல் வயிறு நிறைந்தது. ஆனியில் ஒரு புடவையை, யாரோடும் ஒரு சொல் பேசாமலே நெய்து முடித்தார்.

ஆடி வெள்ளியன்று கோயிலில் கூழ் ஊற்றினார்கள். எல்லா வீட்டிலிருந்தும் பாத்திரம் போனது. ஜெகநாதன் வீட்டிலிருந்து போகவில்லை. குண்டான் நிறையக் கூழோடு திரும்பிய முனியம்மாள் அவர் வாசலில் நின்றாள்.

"கூழ் வாங்கிகினு வரலியாண்ணா?"

"வயிறு நிறைஞ்சிருக்கும்மா."

"நிறைஞ்சா நிறையட்டும். ஆத்தா கூழை ஒண்டியா குடிக்கறதா? என் வூட்லயும்தான் யாருமில்ல. தொணைக்கு உக்காரு, வா."

அவளும் தனியாகத்தான் சாப்பிடுகிறாள் என்பதை அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. தறிக்குழியிலிருந்து ஏறி எதிர்வீட்டுக்குப் போனார். முதல் வாய் வெறும் ஈரம். இரண்டாம் வாய்க்கு வெங்காயத்தைக் கடித்தார். சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் வாயில் நாக்கு ஒரு கணம் நின்று யோசித்தது.

"உப்பு கம்மி."

"நாலு மாசம் கழிச்சு வாயத் தொறந்தா, சொல்றதப் பாரேன்!" என்று சிரித்த முனியம்மாளுக்குப் புரையேறிவிட்டது. ஜெகநாதன் ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு வந்தார்.

பசி அதற்குப் பிறகும் திரும்பவில்லை, இன்றுவரை இல்லை. தான் கேட்டதை அம்மன் தன்னிடமே வைத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். மதியம் தறி நின்றதும் நிறைந்த வயிற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போகிறார். தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போதும் போதும் என்று தட்டை இரண்டு கையாலும் மூடுவார். முனியம்மாள் விரலிடுக்கில் குழம்பை ஊற்றிவிடுவாள்.