பதினான்காம் தேதியின் கோப்பு

பதின்மூன்றுக்கு அடுத்து பதினாறு இருந்தது. கோகிலவாணி பட்டியலை மேலே தள்ளினாள், கீழே இழுத்தாள், தேதிப்படி அடுக்கினாள், ஊர்ப்படி அடுக்கினாள். எப்படி அடுக்கினாலும் மே பதினான்காம் தேதிக்கான கோப்பு அங்கே இல்லை. செம்மேட்டு அலுவலகத்தின் பெஞ்சில், அவளுக்கு எதிரே, கம்பெனி வயர்களைப் பார்த்துக்கொள்ளும் லைன்மேன் குழந்தைசாமி உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் போகிறவர் போல வெளுத்த சட்டை போட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அவள் அச்சடித்துக் கொடுக்கப்போகும் தாள் கசங்காமல் கொண்டுபோவதற்காக அதை வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தார்.

மலைமேல் இருபத்திரண்டு ஊர்களுக்கு இண்டர்நெட் கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. தேவனூர் நாடு என்ற பகுதியில் இருக்கும் குழந்தைசாமியின் ஊருக்குச் செல்போன் சிக்னல் கிடையாது. பால் சொசைட்டிச் சுவரில் கம்பெனி மாட்டியிருக்கும் வைஃபை பெட்டிக்குக் கீழே வந்து நின்றால்தான் வெளியே யாரோடும் பேச முடியும். இடி இறங்கினால் பெட்டி கருகிவிடும். அதனால் முதல் இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்குவதும், மழை விட்டதும் சொருகுவதும் மலை முழுக்க வழக்கம். அந்த ஊரில் பிளக் இருப்பது சொசைட்டியின் பூட்டிய அறைக்குள். சாவி குழந்தைசாமியிடம்.

பதினான்காம் தேதி மத்தியானம் இடித்தது. பிடுங்கினார். மூன்றரைக்கு மழை விட்டது, சொருகிவிட்டுத்தான் காட்டுக்குப் போனேன் என்கிறார். ஐந்து மணிக்கு மரவள்ளிக் காட்டில் அர்த்தனாரியின் மனைவி கண்ணாயியைப் பாம்பு தீண்டியது. அர்த்தனாரி பெட்டிக்குக் கீழே ஓடிவந்து நூற்றியெட்டுக்கு அடித்தார். போகவில்லை. மறுபடி மறுபடி அடித்தார். பிறகு அவளைத் துண்டால் தன் முதுகோடு கட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார். பாதி வழியில், ஒரு வளைவில், முதுகில் சாய்ந்திருந்த பாரம் வேறு பாரமாக மாறியது அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினார்.

மறுநாள் காலையில் ஊர் ஆத்திரத்தோடு அறையின் பூட்டை உடைத்து, கைக்கு அகப்பட்ட வயரையெல்லாம் பிடுங்கிப் போட்டது. அப்போது பிளக் சொருகியிருந்ததா என்று கேட்டால் ஒருவர் இருந்தது என்றார், இரண்டு பேர் இல்லை என்றார்கள். காரியம் முடிந்து ஊர் கூடியபோது கோயில் படியில் கர்ப்பூரம் ஏற்றி, சொருகியது நிஜமென்றால் அணைத்துச் சத்தியம் செய் என்றார்கள். குழந்தைசாமி கையை நீட்டவில்லை. மிஷினே எழுதி வைத்திருக்கும், அதற்குப் போய் எதற்குச் சாமியை இழுப்பது, ஆபீசில் கோகிலா கண்ணு எடுத்துக் கொடுத்துவிடும் என்று சொல்லிவிட்டார். எரிந்து முடித்துக் கர்ப்பூரம் தானாகவே அணைந்தது. சத்தியத்துக்குப் பயந்தவன் என்ற பேச்சு மறுநாளே சந்தை வரைக்கும் வந்துவிட்டது.

மிஷின் எழுதத்தான் செய்தது. இடியில் எங்காவது வயர் அறுந்து தொடர்பு போயிருந்தாலும், மின்சாரம் வந்த நேரத்தைப் பெட்டி தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொண்டு, தொடர்பு வந்ததும் அனுப்பிவிட்டுத் தன்னிடம் இருப்பதைத் துடைத்துவிடும். இருபத்திரண்டு பெட்டிகளின் பதிவுகளும் செம்மேட்டில் இருக்கும் ஒரு மென்பொருளுக்கு வந்து சேரும். அதில், ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்காமல், ஒரு நிரலே நேராகக் கேட்டு வாங்கவும் கட்டளையிடவும் ஒரு வாசல் உண்டு. ஏபிஐ என்பார்கள். போன ஆடியில் கணினியின் வட்டு நிரம்பி எல்லாம் நின்றுபோனபோது, அந்த வாசல் வழியாக வேலை செய்ய கோகிலவாணி நாற்பது வரியில் ஒரு நிரல் எழுதினாள். தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு அது பதிவுகளைப் படியெடுத்துப் பத்திரப்படுத்தும். முப்பது நாளுக்கு முந்தையதை மூலத்திலும் படியிலும் சேர்த்து அழிக்கும். முதலாளி முரளி அன்று அரைக்கிலோ மைசூர்பா வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். அந்த நிரலை அவள் தன் பிள்ளையைப் போலத்தான் நினைத்திருந்தாள்.

நிரல் தான் அழித்தவற்றையும் ஒரு வரி எழுதி வைக்கும். அவள் அதைத் திறந்தாள். மே பதினேழு, காலை ஐந்து மணி, தேவனூர்ப் பெட்டி. அழிக்கப்பட்ட கோப்பின் தேதி: 1970 ஜனவரி 1.

கொஞ்ச நேரம் அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தப் பெட்டிகளில் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. பிளக்கைப் பிடுங்கினால் நேரத்தை மறந்துவிடும். திரும்பச் சொருகும்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் கண் விழித்து, அந்தத் தேதியிலேயே ஒரு கோப்பைத் திறந்து, காலையில் எழுதியதையும் சேர்த்து அன்றைய கணக்கையெல்லாம் அதில் எழுதும். குழந்தைசாமி மறுபடி வயர் இழுத்துக் கட்டியதும் அந்தக் கோப்பு செம்மேட்டுக்கு வந்திருக்கிறது. மறுநாள் விடிகாலை நிரல் அதைப் பார்த்து, அரை நூற்றாண்டுப் பழசு என்று எண்ணி, படியோடு சேர்த்துத் துடைத்துவிட்டது. சித்திரையிலிருந்து அப்படிப் பதினோரு வரிகள் இருந்தன. இடி இடித்த நாட்கள் எல்லாமே. எந்த நாட்களுக்காகப் பதிவு வேண்டுமோ அந்த நாட்களை மட்டும் பொறுக்கியெடுத்து அழித்திருந்தாள்.

முரளிக்குப் போன் செய்தாள். அவர் குரலில் ஒரு சுமை இறங்கியது அவளுக்கே கேட்டது. நிரல் கதையை யாரிடமும் சொல்ல வேண்டாம், இல்லை என்றால் இல்லை என்று மட்டும் எழுதி அனுப்பு, சொருகியிருந்தால் இருக்க வேண்டுமல்லவா என்றார். அந்த ஒரு வரியில் கம்பெனி தப்பித்துவிடும். குழந்தைசாமி மட்டும் மாட்டுவார்.

போனை வைத்துவிட்டு வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்தாள். மே 14, 15:34, மின்சாரம் வந்தது. ஒரே வரி. மற்ற கோப்புகளில் இருப்பது போலவே இருந்தது. அச்சடித்துக் கொடுத்தால் அந்த மனிதர் தலை நிமிர்ந்து ஊருக்குள் போவார். அவர் சொருகியிருப்பார் என்றுதான் அவள் நம்பினாள். ஆனால் நம்பினாளே ஒழிய, தெரியாது. அன்றே சொருகியிருந்தாலும், பதினாறாம் தேதி வயர் கட்டும்போது சொருகியிருந்தாலும், 1970 என்ற அதே வரிதான் விழுந்திருக்கும்; இனி யாருக்குமே தெரியப்போவதில்லை. சாமிக்குத் தெரியும் என்று நினைத்தாள். எத்தனையோ கஷ்டத்தில் அவளைத் தூங்க வைத்த நினைப்பு அது. இன்று அது ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது. அந்த வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

நடந்ததைச் சொன்னாள். தன் நிரல், தன் தவறு என்றாள். குழந்தைசாமி பிளாஸ்டிக் உறையைத் தடவிக்கொண்டிருந்தார். அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"அப்ப அன்னிக்கே கர்ப்பூரத்த அணைச்சிருக்கோணும். இல்லீங்களா கண்ணு?" என்றார்.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் இருவரும் போனார்கள். முரளி இரண்டு முறை அழைத்தார். அவள் எடுக்கவில்லை. அர்த்தனாரியின் வாசலில், பந்தல் பிரித்த குழிகள் இன்னும் மூடாமல் இருந்த இடத்தில் நின்று, கூடிவிட்ட ஊராரிடம் பெட்டி நேரத்தை மறப்பதையும், நிரல் அழித்ததையும், அதை எழுதியவள் தான் என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது பொய் போலவே அவள் காதுக்குக் கேட்டது. கண்ணாயியின் அக்கா பாப்பாயி சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏனுங்க, மத்த நாளெல்லாம் இருக்குது, எந்தங்கச்சி செத்த நாளு மட்டும் காணாமப் போயிருச்சுங்களா?"

இடித்த நாளெல்லாம் போய்விட்டது என்று கோகிலவாணி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஆபீசுக்காரியைக் கூட்டிவந்து பேச வைக்கிறான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கர்ப்பூரம் கொண்டுவரட்டும், இப்போதே அணைக்கிறேன் என்றார் குழந்தைசாமி. பேப்பர் இல்லை என்று தெரிந்தபிறகு வந்த தைரியமா என்று அதே குரல் கேட்டது. சிலர் சிரித்தார்கள். நீட்டிய கையை அவர் எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அர்த்தனாரி வாசற்படியை விட்டு எழுந்தார். தாடி வளர்ந்து, கண்கள் உள்ளே போயிருந்தன.

"நான் மூனு வாட்டி அடிச்சுப் பாத்தனுங்க," என்றார், யாரையும் பார்க்காமல். "நாலாவது வாட்டி அடிக்காம வண்டிய எடுத்துட்டேன். அடிச்சிருந்தா போயிருக்குமோன்னு..." பாப்பாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டம் அதற்குப்பிறகு கலைந்தது. குழந்தைசாமியைக் குற்றவாளி என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அறைக்குப் போட்டிருந்த புதுப் பூட்டின் சாவியை மட்டும் சொசைட்டிக்காரர் அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கோகிலவாணியைப் பஸ் ஏற்றிவிட குழந்தைசாமியும் ரோட்டுக்கு நடந்தார். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே மேகம் இறங்கி, தூறல் பிடித்தது. பின்னால் காலடி கேட்டுத் திரும்பினார்கள். அர்த்தனாரி. கையில் ஊதாப் பூப்போட்ட சின்னக் குடை, பெண்கள் பிடிப்பது. பிடியில் மஞ்சள் கறை இருந்தது. அதைக் குழந்தைசாமியின் கையில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

தூறல் மழையானது. பஸ் நிற்குமிடத்துக்கு இன்னும் அரைக் கிலோமீட்டர் இருந்தது. கோகிலவாணி முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். முன்னால் குழந்தைசாமி அந்தக் குடையை விரிக்கவே இல்லை. வெளுத்த சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, மடித்த குடையை நனைந்துவிடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்து மழைக்குள் போய்க்கொண்டிருந்தார்.