கடலைப் பார்த்த ஆன்டெனா

"உங்க வீட்டு ஆன்டெனா மலையைப் பாக்குதா, கடலைப் பாக்குதா?"

டெலெரிக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஞாயிறு பள்ளியில் எம்ரிஸ் லாய்ட் அவளை எழுப்பி நிறுத்திக் கேட்ட கேள்வி இது. கடலைத்தான் என்றாள். "அப்போ இங்க படிக்கிற வெல்ஷ் எல்லாம் வீட்டுக்குப் போனதும் கடல்ல கரைஞ்சிடும், பாவம்" என்றார் அவர். பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஞாயிறு பள்ளியை அந்த வருடமே விட்டாள். பெரிய பள்ளிக்கூடத்தைப் பதினைந்து வயதில் விட்டாள்.

வேல்ஸின் கடலோர ஊரான போர்த்ஹெலிக்கில் ஒரு வீடு எப்படிப்பட்ட வீடு என்று தெரிந்துகொள்ளக் கதவைத் தட்ட வேண்டியதில்லை, கூரையைப் பார்த்தால் போதும். தெற்கே மலை மேல் நின்ற கோபுரத்திலிருந்து, அந்த நாட்டு மொழியான வெல்ஷில் பேசும் சேனல் வந்தது. கிழக்கே கடலுக்கு அப்பால் இங்கிலாந்துக் கோபுரம். அதில் வெல்ஷ் கிடையாது, அந்த இடத்தில் முழுக்க ஆங்கிலச் சேனல். வெல்ஷிலேயே ஜெபம் நடக்கும் சிறு தேவாலயமான சேப்பலுக்குப் போகிறவர்களின் ஆன்டெனா மலையைப் பார்த்தது. மற்றவர்களுடையது கடலைப் பார்த்தது. டெலெரியின் அப்பா லிவர்பூலில் வளர்ந்தவர். அவர் ஏணி போட்டு ஏறிக் கடல் பக்கம் திருப்பியதை ஊரே நின்று பார்த்தது.

லாய்ட் வீட்டு ஆன்டெனாவைப் பற்றி யாரும் பேச வேண்டிய தேவையே இருந்ததில்லை. வெல்ஷுக்கென்று தனிச் சேனல் வேண்டும் என்று டிவி வரி கட்ட மறுத்து, இளம் வயதில் மூன்று நாள் சிறையில் இருந்தவர் அவர். இப்போது சேப்பலின் மூப்பர். அவர் வீட்டு ஆன்டெனா வரிசையிலேயே மிக உயரமாக, ஊசி போல மலையைப் பார்த்து நின்றது.

டெலெரிக்குப் பதினெட்டு வயதான இலையுதிர்காலத்தில் டிஜிட்டல் மாற்றம் வந்தது. பழைய அலைவரிசையை நிறுத்தப் போகிறார்கள், செட்டாப் பாக்ஸ் இல்லாத வீட்டில் திரை வெறுமையாகிவிடும் என்று அறிவித்தார்கள். வயதானவர்களுக்கு உதவ சேப்பலின் பின்னறையில் வியாழக்கிழமைதோறும் ஒரு மேசை போட்டார் க்ளெனிஸ். முன்பு தபால் நிலையத்தில் வேலை பார்த்த பெண்மணி. தனக்கு எடுபிடியாக டெலெரியைப் பிடித்துக்கொண்டார்.

"பேச வேணாம் கண்ணு. பேசறது எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ ஒயரை மட்டும் சொருகு."

ஆனால் முதல் வாரத்திலேயே ஒரு குழப்பத்தைக் கண்டுபிடித்தது டெலெரிதான். வீட்டுக்கு வீடு வந்த அரசுச் சீட்டில் முகவரியை வைத்து ஒரே ஒரு தேதிதான் போட்டிருந்தது. அது மலைக் கோபுரத்தின் தேதி, நவம்பர் நடுவில். கடல் கோபுரத்துக்கோ டிசம்பர் தொடக்கம். அந்தச் சீட்டை அச்சடித்தவர்களுக்கு இந்த ஊர்க் கூரைகளைப் பற்றி என்ன தெரியும்? அவள் தெருத் தெருவாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, நோட்டில் ஒவ்வொரு வீட்டு எண்ணுக்கும் எதிரே மலை என்றோ கடல் என்றோ எழுதினாள். அதன்படிதான் க்ளெனிஸ் வீடு வீடாகத் தேதி சொன்னார்.

லாய்ட் மட்டும் வாசலோடு நிறுத்தினார். மூன்று முறை போனார்கள்.

"என் வீட்டு டிவியை நான் பாத்துக்கறேன், க்ளெனிஸ்."

"நெஸ்ட்டாவுக்காகவாவது—"

"நெஸ்ட்டாவையும் நான்தான் பாத்துக்கறேன்."

அவர் மனைவி நெஸ்ட்டாவுக்கு நான்கு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது.

லாய்டின் வீடும் க்ளெனிஸின் வீடும் ஒட்டிய வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர். ஒரு மதியம் க்ளெனிஸின் மாடி அறையில் டிவிக்குப் பாக்ஸ் பொருத்திக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இசை கேட்டது. டெலெரியின் கை நின்றது. எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வார்த்தை கண்டுபிடிக்கச் சொல்லும் ஆங்கிலப் போட்டி அது. இந்த நேரத்தில் அது கடல் பக்கம் மட்டும்தான் வரும். அவள் வீட்டில் தினமும் ஓடும்.

"பக்கத்து வீட்ல சத்தம் அதிகமா இருக்கா?" என்று கீழேயிருந்து கேட்டார் க்ளெனிஸ். "அந்த நேரத்துலதான் நெஸ்ட்டா சிரிப்பா. என்ன பாக்கறாளோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும்." க்ளெனிஸ் வீடு மலை. அந்த இசை அவர் காதுக்குப் புதிது.

டெலெரி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். லாய்டின் கூரையில் நின்ற ஆன்டெனாவிலிருந்து இறங்கிய ஒயர் மழைநீர்க் குழாய்வரை வந்து, அங்கே சுருட்டி நீலக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. வீட்டுக்குள் போகவே இல்லை. அவர் வீட்டுப் பரணின் சின்னக் கண்ணாடி வழியே, இன்னொரு ஆன்டெனாவின் கம்பிகள் கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன.

அவள் ஜன்னலை மூடினாள். பத்து வருடம் பொறுத்திருந்தவள் கையில் இப்படி ஒன்று வந்து விழுந்தால் என்ன செய்வாள்? கீழே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை க்ளெனிஸின் நாக்கு பார்த்துக்கொள்ளும். சாயங்காலத்துக்குள் மீன்கடைவரை போயிருக்கும். அவள் கீழே போனாள், தேநீர் குடித்தாள், பாக்ஸ் வேலை செய்கிறது என்று மட்டும் தலையாட்டினாள்.

நவம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை விடியுமுன் மலைக் கோபுரம் பழைய அலைவரிசையை நிறுத்தியது. மறுநாள் வியாழன். சேப்பலின் பின்னறையில் நிற்க இடமில்லை. ஒருவருக்கு ரிமோட் புரியவில்லை, இன்னொருவருக்குச் சத்தம் மட்டும் வந்து படம் வரவில்லை. ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் வில்ஃப், கடல் பக்கத்துக்காரர், வேலை எதுவுமில்லாமல் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அடுப்புக்கு நிலக்கரி போட லாய்ட் உள்ளே வந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"என்ன மூப்பரே, நேத்து உங்க மலைக்காரங்க எல்லாம் வெறும் கண்ணாடியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களாமே?"

"யார் சொன்னது?" லாய்ட் கையைத் தட்டிக்கொண்டார். "எல்லாம் வெத்துக் கூச்சல். சீட்டுல போட்ட தேதி வந்துச்சு, போச்சு. என் வீட்ல நேத்து சாயங்காலமும் படம் பளிச்சுன்னு வந்துது. அதே பழைய டிவி. பாக்ஸும் இல்ல, கீக்ஸும் இல்ல. கடைக்காரன் பொழைக்கறதுக்கு உங்களை எல்லாம் ஓட விடறான்."

எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பின. வேறு எந்த ஊரிலாவது அவர் இதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. இங்கே பிஸ்கட் தட்டைப் பிடித்திருந்த கிழவிக்குக்கூடப் புரிந்தது. நேற்று பாக்ஸ் இல்லாமல் படம் வந்ததென்றால் அது மலையிலிருந்து வந்திருக்க முடியாது.

வில்ஃபின் முகத்தில் புன்னகை மெதுவாகப் பரவியது. "பாக்ஸே இல்லாமயா, மூப்பரே?"

"இல்லியே" என்ற லாய்ட், சுற்றிலும் முகங்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காதுவரை சிவந்தது.

"ஆனா உங்க ஆன்டெனா மலையைத்தானே..." என்று ஆரம்பித்தார் க்ளெனிஸ்.

"பாக்ஸ் இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள். டெலெரி கையில் ஒரு ஒயரோடு நின்றுகொண்டிருந்தாள். தன் குரல் அந்த அறையில் எவ்வளவு உயரம் போகும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

"போன வாரம் நான்தான் வச்சேன். நெஸ்ட்டா ஆன்ட்டியைக் குளிப்பாட்ட வர்ற அம்மா கதவைத் திறந்துவிட்டாங்க. டிவிக்குப் பின்னால சொருகிட்டு வந்துட்டேன். அவருக்குத் தெரியாது."

"அடேங்கப்பா!" என்றார் வில்ஃப். "இந்தப் பொண்ணு பேசுமா! டிஜிட்டல் வந்ததும் இதுக்கும் சத்தம் வந்துடுச்சு!"

அறை சிரித்தது. க்ளெனிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, கழுதை" என்றார். லாய்ட் நிலக்கரி வாளியைக் கீழே வைத்தார்.

"ஆமா" என்றார் கடைசியில். "கறுப்பா ஏதோ ஒண்ணு பின்னால இருக்கு. நான் என்னன்னு கேக்கல."

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு டெலெரி ஒரு பாக்ஸை ரொட்டிப் பையில் மறைத்து எடுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினாள். அவர் திறந்தார், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார், ஒதுங்கி வழிவிட்டார்.

கதவைச் சாத்தியதுமே வெடித்தார். "உன்னைப் பொய் சொல்லச் சொன்னேனா? சேப்பல் கூரைக்குக் கீழ நின்னுக்கிட்டு!"

"நீங்களும்தான் சொன்னீங்க."

அவர் மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினார். முன்னறைக் கட்டிலில் சாய்ந்திருந்த நெஸ்ட்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

டெலெரி மாடி ஜன்னல் வழியே கையை விட்டு நீலக் கயிற்றை அறுத்தாள். ஒயரை உள்ளே இழுத்து, முனையைச் சீவிப் புதிய பிளக் போட்டு, படிக்கட்டு ஓரமாகக் கீழே கொண்டுவந்தாள். லாய்ட் ஆணியும் சுத்தியலுமாகக் கூடவே வந்தார், கேட்காமலே பிடித்துக்கொண்டார்.

"அவ வார்த்தைன்னு ஒண்ணு பேசறதே அந்த முக்கால் மணி நேரம்தான்" என்றார் குனிந்தபடியே. "டாக்டர், பேச்சுப் பயிற்சிக்காரம்மா, யார் கேட்டாலும் வராது. அந்த எழுத்துங்களைப் பாத்தா வருது. அதுவும் இங்கிலீஷ்ல. நாப்பது வருஷம் என்கூட இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பேசாதவ." ஒரு ஆணியை அடித்தார். "மலையை இணைச்சா அது போயிடும்னுதான் உங்களை உள்ள விடல."

"போகாது."

"என்ன போகாது?"

"இப்போ மலையிலயிருந்தே வெல்ஷ், இங்கிலீஷ் ரெண்டும் வருது. சீட்டோட பின்பக்கம் போட்டிருந்தாங்களே."

அவர் பின்பக்கத்தைப் படித்திருக்கவில்லை. பாக்ஸ் தேட ஆரம்பித்தது. திரையில் எண்கள் ஏறின. முதலில் வெல்ஷ் சேனல் வந்தது. யாரோ ஒருவர் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லிக்கொண்டிருந்தார். நெஸ்ட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டார். டெலெரி ரிமோட்டில் நான்கு முறை அழுத்தினாள். அந்த இசை வந்தது. திரையில் ஒன்பது எழுத்துகள் வந்து நின்றன. நெஸ்ட்டாவின் உதடு கொஞ்ச நேரம் அசைந்தது.

"கார்டன்" என்றார் நெஸ்ட்டா, தெளிவாக.

லாய்ட் சுத்தியலைப் பிடித்தபடியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். டெலெரி பாக்ஸுக்கான அரசு உதவிப் படிவத்தை நீட்டினாள். எந்தக் கோபுரம் என்ற கேள்விக்கு எதிரே மலை என்று அவள் ஏற்கனவே எழுதியிருந்தாள். அவர் அதைப் பலமுறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"வில்ஃப் நம்பிட்டானா?" என்று கேட்டார்.

"நம்பிட்டாரு. எல்லாரும் நம்பிட்டாங்க."

"ம்" என்றார், அது நல்ல செய்தி இல்லை என்பது போல.

அடுத்த வியாழக்கிழமை பழைய டிவிகளையும் கம்பிகளையும் கொண்டுபோக நகராட்சி வண்டி வருவதாக இருந்தது. காலையிலிருந்தே சேப்பலின் பின்வாசலில் குவியல் ஏறிக்கொண்டிருந்தது. பின்னறையில் கூட்டம் முந்தைய வாரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. வில்ஃப் இருந்தார். க்ளெனிஸ் யாருக்கோ ரிமோட்டில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.

லாய்ட் தெருவில் வருவது ஜன்னல் வழியே முதலில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறுப்பு கோட்டு போட்டிருந்தார். இரண்டு கையாலும் எதையோ நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார், அதன் கம்பிகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. கடைத்தெரு வழியாக, நட்டநடுப் பகலில், அப்படியே நடந்து வந்தார்.

மலைக்கு வாங்கும் ஆன்டெனாவின் முனையில் மஞ்சள் மூடி இருக்கும், கடலுக்கு வாங்குவதில் பச்சை. லாய்ட் கொண்டுவந்ததில் பச்சை. பரணிலேயே இருந்ததால் மழையே படாத, வெளுக்காத பச்சை.

பின்வாசலில் குவியல் இருந்தும் அவர் அங்கே போடவில்லை. உள்ளே வந்தார். எழுந்து நின்ற முகங்களுக்கு நடுவே போய், க்ளெனிஸின் மேசை மேல், பாக்ஸ்களுக்கும் பிஸ்கட் தட்டுக்கும் பக்கத்தில், அதை எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார். ஒயரை ஒழுங்காகச் சுற்றி வைத்தார். வில்ஃப் குனிந்து அந்தப் பச்சை மூடியைப் பார்த்தார்.

லாய்ட் டெலெரியை ஒரு கணம் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். வந்த கடைத்தெரு வழியாகவே திரும்பி நடந்தார்.