எஞ்சின் நிற்காத வீடு

பல் டாக்டரின் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தண்ணீர்க் குழாய் ஓட்டையான வியாழக்கிழமையிலிருந்து, அந்த எஞ்சினின் சூடுதான் அவர் மனைவியின் உடம்புச் சூடாக இருந்தது. எஞ்சின் கொதித்தால் அவளுக்குக் காய்ச்சல். அணைத்தால் குளிர்ந்து விறைத்துப்போவாள். டாஷ்போர்டில் முள் நடுவில் நின்றால் தெர்மாமீட்டரில் சரியாகத் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. இதைக் கண்டுபிடிக்கப் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரு முழுப் பகல் ஆயிற்று. வந்து பார்த்த மருத்துவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, "இதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்லை. நல்ல மெக்கானிக்கா பாருங்க" என்றார். கைராசிக்காரர் என்று அவருக்குப் பெயர். அதில் தப்பில்லை.

அந்தக் காரில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்தது, ரேடியேட்டர் மூக்கில் இருந்தது. இரண்டையும் சேர்க்க வண்டியின் வயிற்றுக்கடியில் இரண்டு இரும்புக் குழாய்கள் ஓடின. ஒன்று கொதித்த தண்ணீரை முன்னால் கொண்டுபோகும், மற்றது ஆறியதைத் திருப்பிக் கொண்டுவரும். அதற்கென்று விற்கிற கூலன்ட்டைத்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துரு பிடிக்கும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. நூலகத்தில் வேலை பார்த்த மனைவி அதைப் படித்துவிட்டு, வண்டி வாங்கிய வாரமே சொன்னாள். "தண்ணி தண்ணிதானே" என்று டாக்டர் தோட்டத்துக் குழாயில் பிடித்து ஊற்றினார். பதினோரு வருடம் ஊற்றினார். பல் தேய்க்காமல் படுத்தால் என்ன ஆகும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் படம் காட்டி விளக்கிய மனுஷர் அவர். ஊருக்குத்தானே உபதேசம்! வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே குழாய்கள் சொத்தையாகிக்கொண்டே வந்தன.

மெக்கானிக்கைக் குண்டூசி என்று கூப்பிடுவார்கள். நெட்டையான ஆள், சின்னத் தலை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டிக்கு அடியில் புகுந்து ஸ்க்ரூடிரைவரால் குழாயைத் தட்டினார். அது உள்ளே போய்விட்டது. "சார், இது குழாய் இல்லை, சல்லடை" என்றார். எஞ்சினை அணைத்து இரண்டு மணி நேரம் கொடுத்தால் மாற்றிவிடுவேன் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அணைத்தார்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் மனைவியின் நகங்கள் நீலமாயின. நாடி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. டாக்டர் அலறிக்கொண்டு போய்ச் சாவியைத் திருப்பினார். வேலைக்காக வடித்துவிட்டிருந்ததால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்பது அவருக்கு நினைவில்லை. காய்ச்சல் நூற்று ஆறுக்குப் போனது. ஈரத்துண்டைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொண்டு அவர் வாய்விட்டு அழுதார், குண்டூசி அவசர அவசரமாகப் பழைய ஓட்டைகளைச் சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டினார். பக்கத்தில் தனியாக ரப்பர் ஹோஸ் இழுத்தும் பார்த்தார்கள். தண்ணீர் அதில் போக மாட்டேன் என்றது, பழைய வழியையே பிடித்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுபோல டாக்டர் கடைக்குப் போய் இருப்பதிலேயே உசத்தியான கூலன்ட்டை ஆறு டப்பா வாங்கி வந்தார். அதுவும் ஒழுகியது.

வழியை மனைவிதான் சொன்னாள். "பத்து நிமிஷம் தாங்குது அண்ணே. தினமும் பத்து நிமிஷம் எடுத்துக்குங்க."

அப்படியே இரண்டு வருடம் ஏழு மாதம் நடந்தது. துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றுவதற்கே முதல் நாற்பது நாள் போயிற்று. பிறகு ஒரு விரல்கடை பழைய குழாயை வெட்டி, ஒரு விரல்கடை புதுக் குழாயை வைத்துப் பற்றவைப்பது, மறுநாள் அடுத்தது. கீழே வாளி வைத்து, ஒழுகியதை வடிகட்டித் திரும்ப ஊற்றினார்கள். பெட்ரோலைக் கேனில் கொண்டுவந்தார்கள். தெருக்காரர்கள் முதலில் சத்தத்துக்குச் சண்டை போட்டார்கள், பிறகு அந்தச் சத்தம் இருந்தால்தான் தூக்கம் வருகிறது என்றார்கள். தினமும் பதினொரு மணிக்கு டாக்டர் கிளினிக்கைச் சாத்திவிட்டு வருவார். போர்ட்டிகோவில் காருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருப்பாள். எஞ்சின் நிற்கும், அவள் கண் மூடும். நோயாளிகளிடம் 'வலிக்காது, ஒரு நிமிஷம்தான்' என்று நாளைக்கு இருபது தடவை சொல்கிறவர் அங்கே சில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நாள் கழித்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். நீ சொன்னதை நான் கேட்கவில்லை, எல்லாம் என்னால்தான் என்று தினமும் கேட்டார். அவளுக்குக் காதில் விழாது. வண்டிக்கு அடியில் படுத்திருந்த குண்டூசிக்கு ஒரு சொல் விடாமல் விழுந்தது.

ஒருநாள் அவர் தலையை மட்டும் வெளியே நீட்டி, "சார், இதெல்லாம் எஞ்சின் ஓடும்போது சொல்லுங்க. நான் கேட்டு என்ன பிரயோஜனம்?" என்றார். டாக்டர் அன்று சாயங்காலம் முயற்சி செய்தார். ஓடுகிற எஞ்சின் சத்தத்தில் அவள், "என்ன? சத்தமா சொல்லுங்க" என்றாள். "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

கடைசித் துண்டும் மாட்டிய அன்று வண்டிக்கடியில் செய்தித்தாளை விரித்துவைத்து நாள் முழுக்கப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. குழாய் சரியானால் அவள் சூடு அவளுக்கே வந்துவிடும் என்று டாக்டர் நம்பிக்கொண்டிருந்தார். குண்டூசி சாவியைத் திருப்பி அணைத்தார். அவள் கை எப்போதும்போலக் குளிர ஆரம்பித்தது. மறுபடி ஸ்டார்ட் செய்துவிட்டு, "என் கையில இருந்தது குழாய் மட்டும்தான் சார்" என்றார். டாக்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் எழுந்து போய் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தாள். அந்த இருக்கையை அவர் ஒருநாளும் அவளுக்குக் கொடுத்ததில்லை. இப்போது சாவி கேட்கவும் தேவையிருக்கவில்லை, அது இத்தனை வருடமாக வண்டியிலேயேதான் இருந்தது. மேட்டில் எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வாய், யார் தள்ளுவார்கள் என்று டாக்டர் பதறினார். அவள் கியரைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கும்படி கத்தினார். "தப்பு என்னோடது! தண்ணிய ஊத்தினது நான்தான்!"

"அது எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள் அவள். "கேட்டைத் திறங்க."

திறந்தார். கார் தெருமுனை திரும்புகிறவரை சத்தம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு அவள் கிளம்புவாள், சில நாள் ஆறுக்கு வருவாள், சில நாள் ஏழரை ஆகும். பல்வலிக்காரர்கள் அந்த நேரத்தில் வருவதில்லை, வந்தாலும் அவர் கேட்டை விட்டு நகரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.