உட்கார்ந்தவரின் இடது

...அளவு என்று ஒரு கட்டம், அதைத் தாண்டவே விடமாட்டேன் என்கிறது இந்த சாஃப்ட்வேர், எண்ணிக்கையா, கிலோவா, மீட்டரா, சொல்லிவிட்டுப் போ என்று வழிமறித்து நிற்கிறது, ரெக்ஸின் வருவது மீட்டரில், சக்கர நாற்காலிக்குப் போவது ஒரு சீட், ஒரு முதுகு என்று எண்ணிக்கையில், இரண்டுக்கும் நடுவில் அல்லாடுவது நான், பதினாறு வருஷம் நூலகத்தில் புத்தகத்துக்கு எண் போட்டவள், அங்கே ஒரு புத்தகம் என்றால் ஒரு புத்தகம்தான், யாரும் கால் மீட்டர் வெட்டிக் கொடுங்கள் என்று கேட்டதில்லை. நூலகத்தை மூடிய பிறகு எட்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு இந்த நாற்காலிப் பட்டறைக்கு வந்தேன், இன்றோடு மூன்று மாதம், இருநூற்றுப் பதினான்கு பொருள் ஏற்றியாகிவிட்டது, பெயர், எண், எந்த அலமாரி, எத்தனைக்குக் கீழே போனால் வாங்கணும், ஒரு நாற்காலிக்கு எது எத்தனை... மூன்று மணிக்கு முதலாளியம்மா வந்து பார்ப்பார், பிடித்தால் கம்ப்யூட்டரும் நானும் இருப்போம், பிடிக்காவிட்டால் பழையபடி தடி நோட்டு, நான் வீட்டுக்கு. "நோட்டு என்னைக்கும் மக்கர் பண்ணதில்லைம்மா" என்று காலையில் வேறு சொல்லிவிட்டுப் போனார். பார்ப்போம், நோட்டா நானா என்று.

மணி இரண்டு. நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு இருபது நாற்காலி போகணும், இருபதுக்கும் எல்லாம் இருக்கிறது என்று திரை பச்சையாகக் காட்டுகிறது, இடது பிரேக் முப்பத்தொன்று, வலது பன்னிரண்டுதான் இருந்தது, நான்தான் போன வாரமே கண்டுபிடித்து இன்னும் பத்து வலது வரவழைத்தேன், பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது, அந்தப் பெருமையைக் காலையில் வீட்டில் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னேன், தாடியைத் தடவிக்கொண்டு "ம்" என்றார். அந்தத் தாடி... அவர் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்து இரண்டு வருஷம், தாடிக்கும் இரண்டு வயது, முன்பெல்லாம் ஆறு மணிக்கே மழமழவென்று ஷேவ் செய்துகொண்டு விசிலடிக்கிற மனுஷன். "ஷேவ் பண்ணிக்கக் கூடாதா?" என்றால் "எதுக்கு?" என்பார், அந்த எதுக்குதான் என்னை அறுக்கிறது, மனசு விட்டுப்போனவர் பேசுகிற பேச்சுதானே அது, அதை எந்த மருந்துச் சீட்டில் எழுதி வாங்குவது... சரி, ரெக்ஸின், மீட்டர் என்றே போடு.

"லைப்ரரி மேடம், கொஞ்சம் பொறுங்க." ஃபிட்டர் அண்ணன். எதற்கெடுத்தாலும் பொறுங்க என்பதால் அவருக்குப் பட்டறையில் பொறுங்கண்ணன் என்றே பெயர், எனக்கு லைப்ரரி. இடது பிரேக் பன்னிரண்டோடு நிற்கிறதாம், வலது கொட்டிக் கிடக்கிறதாம், முப்பத்தொண்ணு இருக்கே அண்ணே என்று நான் திரையைக் காட்டினேன், அவர் திரையைப் பார்க்கவே இல்லை, பாதி முடிந்த நாற்காலி ஒன்றை உருட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார். "உக்காருங்க. இப்ப உங்க இடது கை எங்க இருக்கு?" உட்கார்ந்தேன். இடது கை இருந்த இடத்தில், நான் மூன்று மாதமாக வலது என்று சொல்லிவந்த பிரேக். "எதிர்ல நின்னு பார்த்துப் பேர் வச்சிட்டீங்க. நாங்க உக்காந்தவங்க கையை வச்சுத்தான் சொல்றது." அவ்வளவுதான். நோட்டில் வெறும் பிரேக் என்றுதான் இருந்தது, அதை இரண்டாகப் பிரித்துப் பெயர் சூட்டிய மேதாவி நான், தேவையில்லாத பக்கத்துக்குப் பத்து வாங்கிய கெட்டிக்காரியும் நான், எட்டு நாற்காலிக்கு இடது இல்லை, மூன்று மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம்.

எழுந்து ஓடியிருக்கணும், எழவில்லை, ஏனென்றால் எதிர்ச் சுவரில் கண்ணாடி, எல்லாரும் கைகழுவித் தலைவாரிக்கொள்கிற அதே கண்ணாடி, தினம் நானும்தான் பார்க்கிறேன், இப்போது அதில் நான் இல்லை. மின்விசிறி இருந்தது, ஒட்டடை இருந்தது. கழுத்தை எக்கினேன், உச்சி முடி கொஞ்சம் எட்டிப் பார்த்தது. வீட்டுக்காரருக்காக எங்கள் குளியலறையில் குழாயை இறக்கினேன், சோப்பை இறக்கினேன், துண்டுக்கு ஆணியை இறக்கினேன், ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்து வைத்தேன், கண்ணாடி மட்டும்... கண்ணாடி என் உயரத்தில் இருக்கிறது. இரண்டு வருஷமாக நான் தினம் அதில் பொட்டு வைத்துக்கொள்கிறேன், அவர் பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டு அதில் வெறும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முகம் தெரியலை என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டாரா மனுஷன், சொன்னால் இவளுக்கு இன்னொரு வேலை என்று நினைத்தாரா, எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. "பொறுங்க மேடம், அழாதீங்க, பிரேக்தானே" என்றார் அண்ணன்.

பிரேக் கடைக்குப் போன் போட்டேன், பெட்டி பிரிக்கலைன்னா மாத்தித் தரோம், அஞ்சு மணிக்குள்ள வண்டி வரும் என்றார்கள், பன்னிரண்டும் பத்தும் இருபத்திரண்டு, போதும். இரண்டு பெயரையும் மாற்றினேன், பிரேக், உட்கார்ந்தவரின் இடது, பிரேக், உட்கார்ந்தவரின் வலது, பெயர் நீளம்தான், இருக்கட்டும். முதலாளியம்மா வந்ததும் அவர் கேட்பதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்தப் பெயரை இரண்டு முறை படித்தார். "முதல்ல நாளைக்கு இருபதும் போகட்டும். அப்புறம் நோட்டைப் பரண்ல போடலாம்." போடலாம் என்றார், போடுகிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லையே, எனக்கு இப்போதைக்கு அது போதும்.

கிளம்பும்போது அலமாரியிலிருந்து ஸ்க்ரூ நான்கு எடுத்தேன், எடுத்ததைப் பதியணும், நான் வைத்த சட்டம், எண்ணிக்கை நான்கு, காரணம் என்ற கட்டத்தை நிரப்பாமல் விடாது, அதுவும் நான் வைத்ததுதான். குளியலறைக் கண்ணாடியை ஒரு அடி இறக்க என்று அடித்தேன். ஒரு அடியா, அதை யார் சொன்னது, நின்றுகொண்டிருக்கிற நானா... அழித்தேன். வீட்டுக்காரரைக் கண்ணாடிக்கு எதிரில் உட்காரவைத்துக் கேட்டால் தெரியும், எவ்வளவு இறக்கணும் என்று, இறக்கணுமா என்றுகூட. ஒருவேளை அந்தத் தாடி அவருக்குப் பிடித்தே இருக்கலாம். அதையும் நான் கேட்டதில்லை.