மாஸ்டர் பக்கத்து பிரேக்

கோட்டையிலிருந்து பாதிப் படி இறங்கியதும் மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார். செருப்பு வாரைச் சரி செய்வதாகச் சொன்னார். ஆனால் அவர் கை வாரில் இல்லை, நெஞ்சில் இருந்தது.

அவர் பெண்டாட்டி இரண்டு படி கீழே நின்று திரும்பிப் பார்த்தாள். பயப்படுவதற்கு அவளுக்கு எப்போதும் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. ஏரிக்கரை விடுதிக்கு வந்ததிலிருந்து படகைப் பார்த்தால் பயம், அறை வாசலில் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த பலகைத் தளத்தைப் பார்த்தால் பயம். "உன் பயத்துக்குன்னு தனியா ஒரு ரூம் போட்டிருக்கணும்டி" என்று நேற்றுகூட அவர் கேலி செய்தார். கீழே பழைய ஊரின் கடைத்தெருவில், ஊர் சுற்ற வந்தவர்களெல்லாம் படமும் பொம்மையும் வாங்க, இவள் மட்டும் வீட்டுக் கதவுக்கென்று கனமான பித்தளைப் பூட்டு ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஆனால் இப்போது வந்த பயம் அந்த வகை இல்லை. வாயைத் திறந்தால் பல் அடித்துக்கொள்ளும் போலிருந்தது.

"ஏங்க, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. காத்து கொஞ்சம் பத்தல."

"இவ்வளவு உயரத்துல நின்னுக்கிட்டு காத்து பத்தலையா?"

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது.

வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் இவள் போட்ட சத்தத்தில் ஓடி வந்தார். அவரே ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். பேசி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வண்டி ஏரிக்கு அந்தப் பக்கம் போயிருக்காம். சுத்திக்கிட்டு வரணும். டூரிஸ்ட் பஸ்ஸும் போயிடுச்சு. உங்க கார்லயே கொண்டு போயிடுங்கம்மா. ஆஸ்பத்திரி கீழ ஊர்லதான், ஏரியோரமாவே போகலாம்."

"ஐயோ, எனக்கு ஓட்ட வராதுங்க. நீங்க கொஞ்சம் வாங்களேன்."

"சைக்கிள விட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "அவ ஓட்டுவா."

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷர். 'பிரேக் மாஸ்டர்' என்றால்தான் அடையாளம் தெரியும். அவருடைய பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். அங்கே அவர் அமுக்கினால் இந்தப் பக்கத்து பெடலும் சேர்ந்து இறங்கும். படிக்க வருகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தாங்களே ஓட்டுவதாக மார்தட்டிக்கொள்வார்கள். உண்மையில் ஓட்டுவது மாஸ்டரின் கால்தான். அவர் பெண்டாட்டியின் கதை தலைகீழ். அவள் லைசென்ஸ் வாங்கிய பிறகு மகளே வளர்ந்து வேலைக்குப் போய்விட்டாள், ஆனால் அவர் பக்கத்தில் இல்லாமல் அவள் சாவியைத் தொட்டதில்லை.

இந்தப் பயணத்துக்கும் அந்தக் கார்தான். கல்யாண நாளுக்கென்று மகள் அறை எடுத்துக் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு போடாத அப்பா எப்படியோ சம்மதித்துவிட்டார். வரும்போது ஏரிச்சாலை ஆரம்பித்த இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, அவளை ஓட்டச் சொன்னார். விடுதி வாசல்வரை ஓட்டிவிட்டு அவள் கேட்டாள்: "பிரேக்கெல்லாம் நீங்கதானே போட்டீங்க?" அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டிக்கெட்காரர் மாஸ்டரைக் கைத்தாங்கலாக நடத்திக் கொண்டுபோய்க் காரில் ஏற்றி, இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. சாவி துவாரத்துக்குள் போக மாட்டேன் என்றது.

"பையையும் வச்சிட்டேன்மா. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். நீங்க கிளம்புங்க."

கதவு சாத்தப்பட்டது. ஒருவழியாக எஞ்சினைக் கிளப்பி அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி முனகியதே தவிர நகரவில்லை.

"ஹேண்ட் பிரேக்" என்றார் மாஸ்டர்.

எப்போதும் மறப்பது அதைத்தான். விடுவித்தாள். வண்டி இறங்கத் தொடங்கியது.

"செகண்ட்லயே போ. நியூட்ரல் பண்ணாத."

"சரிங்க."

"ரோட்டப் பாரு. என்னப் பாக்காத."

"வளைவுல பிரேக்க நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

"ம். நான் இருக்கேன்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் முதல் வளைவைத் திரும்பினாள். கீழே ஏரி விரிந்து கிடந்தது. ஓரத்தில் சுவர் எதுவும் இல்லை, வெள்ளையடித்த கற்கள் மட்டும். சக்கரம் கொஞ்சம் விலகினால் நேரே தண்ணீர்தான். அவளுக்கு நீச்சலும் தெரியாது. கடவுளே, கடவுளே என்று உதடு தானாக முணுமுணுத்தது.

இரண்டாவது வளைவில் எதிரே ஒரு பஸ் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. அவள் கத்திவிட்டாள். ஆனால் கார் ஓரமாக ஒதுங்கி, ஒரு குலுக்கலும் இல்லாமல், அந்த வெள்ளைக் கற்களுக்கு இந்தப் பக்கமே நின்றது. தன் கால் அமுக்கியதா, காலுக்கு அடியில் பெடல் தானாக இறங்கியதா, அவளுக்கே தெரியவில்லை. பஸ் உரசாமல் கடந்து போனது.

"நல்லவேளை, போட்டீங்க" என்றாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சோர்வாக இருக்கும், பேச வைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"காலையிலயே ஒரு மாதிரியா இருந்துச்சுல்ல? படகத் தனியா தள்ளிக்கிட்டுப் போயி நடு ஏரியில துடுப்பு போடாம உக்காந்திருந்தீங்களே, அப்பவே எனக்கு பக்குன்னுச்சு. கேட்டா வேடிக்கை பாத்தேன்னு சொன்னீங்க. என்ன வேடிக்கை? வலிய மறைச்சிருக்கீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஊசியப் போட்டுக்கிட்டு வாங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு."

திட்டத் திட்ட அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. காது கேட்காத ஆளை யாராவது திட்டுவார்களா? அதனால் இன்னும் உரக்கத் திட்டினாள்.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மகள் வைத்துக் கொடுத்திருந்த மணி. புது ஆள் சேர வருகிறானோ என்று முதல் மணியிலேயே எடுத்துவிடுகிற மனுஷர். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கண் அந்தப் பக்கம் போகப் பார்த்தது, இழுத்துச் சாலையில் வைத்தாள். வண்டிக்குள் போன் எடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்தானே. அதனால்தான் எடுக்கவில்லை. வேறு என்ன? போன் ஓய்ந்தது. உள்ளே எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது, மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வளைவில் திரும்பியபோது அவர் கை சரிந்து வந்து கியர் மேலிருந்த அவள் கையில் பட்டது.

"விடுங்க, நானே போடறேன்."

கை நகரவில்லை. ஏசி போடாத காரில் அந்தக் கை அவ்வளவு சில்லென்று ஏன் இருக்க வேண்டும்? அவளுக்கு வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. நிறுத்தினால் பார்க்க வேண்டும். பார்த்தால் முடிந்தது. பார்க்காதவரை அவர் இருக்கிறார். அந்தக் கையைத் தள்ளாமலே, அதன் அடியில் தன் கையை வைத்துக்கொண்டே கியரை மாற்றினாள்.

"ரோட்டத்தான் பாக்கறேன்" என்றாள். "உங்களப் பாக்கல."

பழைய ஊரின் கல் ஆர்ச் வந்தது. ஒரு கார்தான் நுழையும். காலையில் அவரே கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு ஓட்டிய இடம். குறுக்கே நடந்துபோன கூட்டத்துக்காக வண்டி நின்றது, மறுபடி நகர்ந்தது, இரண்டு பக்கமும் கல்லில் படாமல் வெளியே வந்தது. அவர் கால் இல்லாமல் இது நடக்குமா? நடக்காது. அவளுக்குச் சத்தியமாக அப்படித்தான் தோன்றியது.

ஆஸ்பத்திரி வாசலில் சொல்லாமலே ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பக்கத்துக் கதவைத் திறந்தார்கள், ஆட்கள் குனிந்தார்கள், ஸ்ட்ரெச்சர் உருண்டது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நர்ஸ் வந்து விரல்களைப் பிரித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது.

டாக்டருக்கு அவள் மகளின் வயசுதான் இருக்கும். கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்துவிட்டாள்.

"வழியிலேயே போயிட்டாரும்மா. கிளம்பின கொஞ்ச நேரத்துலயே இருக்கும்."

"இல்ல டாக்டர். ஆர்ச்சுகிட்ட பிரேக் போட்டாரே. பஸ் வந்தப்பவும் அவர்தான் போட்டாரு. இன்னொரு தடவ பாருங்கம்மா, தயவுசெஞ்சு."

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலிலிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார்: "அந்த டிரைவிங் ஸ்கூல் வண்டிய யாரும்மா ஓட்டிட்டு வந்தது? ஆம்புலன்ஸ் வருது, கொஞ்சம் தள்ளிப் போடணும்."

அவர்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. எழுந்து வெளியே போனாள்.

பக்கத்து இருக்கைக் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. இருக்கை படுக்கையாகச் சாய்ந்திருந்தது. அவர் காலை மடித்து இருக்கை மேலேயே வைத்திருக்க வேண்டும், பாதத்தில் ஒட்டிய கோட்டை மண் மெத்தையின் ஓரத்தில் இருந்தது. கீழே, கால் வைக்கும் இடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு அவளுடைய பை நின்றது. பித்தளைப் பூட்டின் கனத்தில் அசையாமல் நின்றது. பின்னால் இருந்த பிரேக்கும் கிளட்சும் கண்ணுக்கே தெரியவில்லை. பையின் மேல் அவருடைய செருப்புகளை டிக்கெட்காரர் ஜோடியாக வைத்திருந்தார். அத்தனை வளைவுக்கும் ஒன்றுகூடச் சரியவில்லை.

அவள் அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பைக்குள் அவள் போன் அடிக்கத் தொடங்கியது. மகள்தான், அப்பா எடுக்காததால் அம்மாவைக் கூப்பிடுகிறாள்.

"அம்மா, வண்டி" என்றார் வாட்ச்மேன், இந்தத் தடவை மெதுவாக.

அவள் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றி வந்து உட்கார்ந்தாள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கண்ணாடியில் பார்த்து, ரிவர்ஸ் போட்டாள். பக்கத்தில் யாரும் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி பின்னால் போய், மரத்தடியில் போட்டிருந்த கோட்டுக்குள் நேராக நின்றது. எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, செருப்புகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் பையைத் திறந்து போனை எடுத்தாள்.