காதில் தேள்

திங்கட்கிழமை காலை ஜலஜாவால் இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை இடது காதில் வெறும் அரிப்பாக ஆரம்பித்தது, மூன்றே நாளில் வலியாகத் தாடை வரை இறங்கியிருந்தது. அந்தமானுக்குக் கப்பல் கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் நான்கு வருஷமாக அவள் பவளங்களை வகை பிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் செத்த பவளம். வெளுத்துப்போய், சீட்டு ஒட்டி, ஜாடிக்குள் இருப்பவை. உயிருள்ள பவளம் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. 2003-ல்தான், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்ப் பார்க்கும் குழுவில் அவள் பெயர் வந்தது. ஒரு மாதமாக லேக் பக்கத்து நீச்சல் குளத்தில் பயிற்சி. இனி காது டாக்டரின் தகுதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அது கிடைக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர் அதே அலுவலகத்துப் பட்டாபி. ஹூக்ளி ஆற்றில் ஃபெரி ஏறினாலே அவனுக்குத் தலை சுற்றும்.

டாக்டர் லாஹிரி முதலில் உள்ளே பார்க்கவே இல்லை. காதுத்துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை ஒரு விரலால் அழுத்தினார். ஜலஜா வீறிட்டாள். காது மடலை மேலே இழுத்தார். மறுபடியும் வீறிட்டாள்.

"தொட்டால் வலிக்கிறதா? அப்படியென்றால் கோளாறு வெளிக்காதில். செவிப்பறைக்கு உள்பக்கம் என்றால் மடலை இழுத்தால் இப்படி வலிக்காது" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு, விளக்குக் குழலை வைத்துப் பார்த்தார். பிறகு ராகவேந்திரன் பக்கம் திரும்பி, "கானே தேல் தியேச்சென்?" என்று கேட்டார்.

ராகவேந்திரன் ஜலஜாவின் கணவன். திருச்சியிலிருந்து கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான்.

"தேளா! ஐயையோ, காதுக்குள்ளயா? உயிரோட இருக்கா டாக்டர்?"

டாலிகஞ்சிலேயே பிறந்து வளர்ந்த ஜலஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தாடை வலித்தது. தாடையைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"தேள் இல்லீங்க, தேல். இங்க எண்ணெய்க்கு அதுதான் பேரு. காதுல எண்ணெய் விட்டீங்களான்னு கேக்கறாங்க."

"அதுவா? விட்டேனே! லேக் மார்க்கெட் நல்லெண்ணெய். பூண்டு தட்டிப் போட்டு, இளஞ்சூடா, ஒவ்வொரு நாளும் குளத்துலேர்ந்து வந்ததும். தண்ணில ஊறின காதாச்சேன்னு..."

தேள் என்றால் என்னவென்று ஜலஜா எடுத்துச் சொன்னதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு ஒரு தாளை இழுத்துக் காதின் படம் போட்டார்.

காதுத்துளையின் தோல் மிக மெல்லியது. அதற்குக் காவல் குறும்பி. நாம் அழுக்கு என்று நினைத்துத் தோண்டி எடுக்கும் அதே குறும்பிதான். அதில் லேசான புளிப்பு உண்டு, அதனால் கிருமி எளிதில் வளராது. பிசுக்கு உண்டு, அதனால் தண்ணீர் ஒட்டாது. அதை யாரும் சுத்தம் செய்யவும் வேண்டாம். உள்ளே இருக்கும் தோல் ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை தூரம் வெளிப்பக்கமாக நகர்ந்து, மெட்ரோவின் நகரும் படிக்கட்டைப் போலப் பழைய குறும்பியைத் தானே வாசலுக்குக் கொண்டுவந்துவிடும். தினமும் தண்ணீரில் ஊறினால் இந்தக் காவல் கரைந்துபோகிறது. தோல் ஊறி அரிக்கிறது. அரித்தால் கை சும்மா இருக்குமா?

"எதை விட்டுக் குடைந்தாய்?" என்றார் டாக்டர்.

ஜலஜா கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி மேஜைமேல் வைத்தாள்.

ஹேர்பின் கீறிய இடத்தில் கிருமி நுழைந்தது. எண்ணெய் மேலே மூடிபோட்டு ஈரத்தை வெளியே போகாமல் காத்தது. ஒருவர் கதவைத் திறந்துவிட்டார், இன்னொருவர் விருந்து வைத்தார்.

"அப்போ பாதித் தப்பு என்னோடதா?" என்றான் ராகவேந்திரன் மெல்ல.

"மீதிப் பாதி என்னோடது. விடுங்க."

டாக்டர் சின்னக் குழாயால் சீழை உறிஞ்சி எடுத்தார். துளை வீங்கி அடைத்திருந்ததால், மருந்து உள்ளே போய்ச் சேர மெல்லிய துணித்திரி ஒன்றைச் செருகினார். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு நான்கு சொட்டு. குளிர்ந்த மருந்து காதில் விழுந்தால் தலை சுற்றும், அதனால் புட்டியைக் கைக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். ஒருக்களித்து ஐந்து நிமிஷம் அசையாமல் கிடக்க வேண்டும். குளிக்கும்போது வாசலைன் தடவிய பஞ்சு. குளித்ததும் அதை எடுத்துவிட வேண்டும்.

"காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு குளத்தில் இறங்கலாமா?" என்று ஜலஜா கேட்டுப் பார்த்தாள்.

"கூடவே கூடாது. ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் அடைப்பானைச் செவிப்பறைப் பக்கம் தள்ளும். உன் பெயர் ஜலஜா. ஆனால் பத்து நாளைக்குக் காதில் ஜலமே படக்கூடாது. பதினோராம் நாள் பார்ப்பேன், வலித்தால் கையெழுத்துப் போட மாட்டேன்."

மூன்றாம் நாள் திரி வெளியே வந்தது. ஆறாம் நாள் ஜலஜா முறுக்கு கடித்தாள். ஒன்பதாம் நாள் 'தோல்' பண்டிகை, அதாவது வங்காளத்து ஹோலி. கல்கத்தா முழுக்கச் சாயத்தண்ணீரில் நனையும் நாள். காலையிலேயே, எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் கீழ்வீட்டு சோமா வாளியோடு படியேறி வந்தாள்.

ராகவேந்திரன் குடையை விரித்துக்கொண்டு வாசலில் நின்றான். தெரிந்த வங்காளத்தையெல்லாம் திரட்டி, "கானே ஜொல் நொய்! கானே தேல் நொய்!" என்று கத்தினான். காதில் தண்ணீர் கூடாது, எண்ணெய் கூடாது என்கிறானாம்.

"தண்ணி சரி, தேல் எங்கிருந்து வந்தது?" என்று பௌதி விழுந்து விழுந்து சிரித்தாள். விஷயம் தெரிந்ததும் ஜலஜாவின் கன்னத்தில் உலர்ந்த பொடியை மட்டும் பூசிவிட்டாள். கொண்டுவந்த தண்ணீரை வீணாக்க முடியுமா? வாளி அப்படியே ராகவேந்திரன் தலையில் கவிழ்ந்தது. குடை எதற்கும் உதவவில்லை.

பச்சையும் சிவப்புமாக உள்ளே வந்தவன், "காதுல தண்ணி பூந்துடுச்சு, குடையுது" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

ஜலஜா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். "சாவியக் கீழ வைங்க! இன்னொரு காதுக்கு நான் காவல் நிக்க முடியாது. தலையைச் சாய்ங்க. மடலை மேல, பின்னால இழுங்க. துளை நேராகும். இப்போ குதிங்க."

குதித்தான். சூடாக ஏதோ ஓடி வந்து தோளில் விழுந்தது. "அட! தானா வந்துடுச்சே!"

பதினோராம் நாள் காலை பட்டாபி போன் செய்தான். "காது எப்படி இருக்கு? ரெண்டு நாளா கனவுல கப்பல் ஆடுது, ஜலஜா. உனக்காக வேண்டிக்கிட்டிருக்கேன். என்னைக் கைவிட்டுடாதே!"

டாக்டர் லாஹிரி மேட்டை அழுத்தினார். ஜலஜா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வலி இல்லை. மடலை இழுத்தார். இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்ல ஊதச் சொல்லி, குழல் வழியே பார்த்தார். செவிப்பறை முழுசாக இருந்தது, ஊதியதும் லேசாக அசைந்தது.

"இறங்கும்போது இப்படித்தான், வலி வருவதற்கு முன்னாலேயே ஊத வேண்டும். வலித்தால் மேலே வந்துவிடு. கரையேறியதும் நல்ல தண்ணீரில் காதைக் கழுவி, சாய்த்து வடியவிடு. பிறகு இது." வினிகரும் ஸ்பிரிட்டும் சரிபாதி கலந்த சொட்டு மருந்தை எழுதினார். ஸ்பிரிட் ஈரத்தை உலர்த்தும், வினிகர் குறும்பியின் புளிப்பை ஈடுகட்டும். "காது நன்றாக இருக்கும்போது மட்டும். புண் வந்தால் இதைத் தொடாதே."

கையெழுத்துப் போட்டுக்கொண்டே ராகவேந்திரனைப் பார்த்தார். "தேள் போய்விட்டது."

சனிக்கிழமை கிதர்பூர் துறையிலிருந்து கப்பல் நகர்ந்த பிறகு, காற்றில் பறந்த தலைமுடியைக் கட்ட ஜலஜா பையைத் திறந்தாள். ஒரு ஹேர்பின்கூட இல்லை. அத்தனையையும் எடுத்துவிட்டு அங்கே ஒரு பொட்டலம் ரப்பர் பேண்ட் வைத்திருந்தான் ராகவேந்திரன். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "தேள் ஜாக்கிரதை."

மேல்தளத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவள் சிரித்தாள். தாடை வலிக்கவில்லை.