கூரைத் தண்ணீர் விழும் இடம்

“கழுதை எங்கே?” என்றாள் எவரிஸ்டா. “கப்பலைக் கோவேறு கழுதை இழுக்கும்னு சொல்லித்தானே நாலு மணி நேரம் பஸ்ஸுல போட்டுக் குலுக்கினீங்க?”

வழிகாட்டிப் பெண் யாரிலிஸ் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். கப்பல் கால்வாயின் மதகுத் தொட்டிக்கு இரு கரையிலும் தண்டவாளத்தின் மேல் வெள்ளி நிற எஞ்சின்கள் கப்பலோடு வடம் பிணைத்து ஊர்ந்துகொண்டிருந்தன. “அதுதாம்மா. நூறு வருஷமா அதுக்குப் பேரே கழுதைதான்.”

“புல்லும் திங்காது, எட்டியும் உதைக்காது. என் வீட்டுக்காரரைவிட உசத்தி.”

சான் லினோ கிராமத்திலிருந்து வந்திருந்த இருபத்தாறு பேரில் டொமிதிலா ஒருத்திதான் சிரிக்கவில்லை. நாத்தனார்காரி எவரிஸ்டா அதையும் விடவில்லை.

“என்ன மதினி, வயித்த வலியா? காலையிலேர்ந்து மூஞ்சியப் பார்க்கச் சகிக்கல.”

“வெயிலு” என்றாள் டொமிதிலா.

இந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க ஓந்தோ ஆற்றுக்குக் குறுக்கே அணை வரப்போகிறது. அதற்கு மேலே இருக்கிற சான் லினோ முழுகும். உங்கள் ஆறு எங்கே போகிறது என்று நீங்களே வந்து பாருங்கள் என்று திட்டத்துக்காரர்கள் பஸ் அனுப்பியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலர் பத்திஸ்தா கல்லறைப் பட்டியலைக் கடைசித் தடவையாக வாசிப்பார். பட்டியலில் உள்ள எலும்புகளைத் தோண்டி மேட்டுக்குக் கொண்டுபோவார்கள். விட்டுப்போனவை தண்ணீருக்கு அடியில். திருத்தம் சொல்ல இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

பட்டியலில் பதினேழாவது எண்: ஹசிந்தோ, ஆண் குழந்தை. டொமிதிலாவின் கணவன் நிகானோர் தானே பக்கத்தில் நின்று எழுதவைத்தது. முப்பத்தொரு வருஷமாக ஒவ்வொரு நவம்பரிலும் அந்தச் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றி, சொட்டுச் சொட்டாக அது கரைகிறவரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷன்.

அந்தச் சிலுவைக்குக் கீழே ஒன்றும் இல்லை. மாமியார் செத்த பிறகு அது டொமிதிலாவுக்கு மட்டும்தான் தெரியும்.

“இப்போ பாருங்க, தண்ணி இறங்கும்” என்று யாரிலிஸ் ஒலிபெருக்கியில் சொன்னாள். மலைபோல நின்ற கப்பல் ஓசையே இல்லாமல் கீழே போக ஆரம்பித்தது. “ஒரு கப்பல் கடந்து போக இருபது கோடி லிட்டர். அத்தனையும் நல்ல தண்ணி. அப்படியே கடலுக்குப் போயிடும். ஒரு நாளைக்கு முப்பது கப்பலுக்கு மேல.”

“குடிக்கிற தண்ணியா?” என்று கேட்டாள் டொமிதிலா. அன்றைக்கு அவள் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி.

“குடிக்கிற தண்ணிதாம்மா. ஆத்துத் தண்ணி.”

பிள்ளை பிறந்த அன்றைக்கு வீட்டில் ஒரு கை தண்ணீர் இல்லை. குடம் காலி. குழந்தை அரை நாழிகை மூச்சு விட்டது. யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் விட்டுப் பேர் சொல்லலாம், அதற்குப் பாதிரியார் வேண்டியதில்லை. மாமியார் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது டொமிதிலாவின் மடியில் இருந்தது ஒரு மோரோ. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைக்கு அங்கே அதுதான் பெயர். மோரோவுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் புதைப்பார்கள். மழையாவது அதன் தலையில் விழுந்துகொண்டிருக்கட்டும் என்று.

நிகானோர் அப்போது கரும்பு வெட்டப் போயிருந்தான். “அவன்கிட்ட மூச்சு விடக் கூடாது. தண்ணி ஊத்தினேன், பேரு வச்சேன், ஹசிந்தோன்னு. கேட்டியா? சிலுவைமேல அடிச்சு சத்தியம் பண்ணு” என்றாள் மாமியார். மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் வெறும் மண்ணைக் குவித்துச் சிலுவை நட்டாள்.

சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. கோழிச் சோறு, இரண்டு துண்டு பொரித்த வாழைப்பழம். நிகானோர் பொட்டலத்தைப் பிரிக்காமல் கம்பி அழியைப் பிடித்துக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தான். டொமிதிலா பக்கத்தில் போய் நின்றாள்.

“ஏங்க.”

“என்னா இரும்பு பார்த்தியா. இது எப்பிடி மிதக்குது?”

“ஏங்க, பதினேழுல பிள்ளை இல்லை.”

“பட்டியல்ல இருக்கு. நான்தானே எழுதவச்சேன்.”

“குழியில இல்லைங்கறேன். அவனுக்குத் தண்ணி ஊத்தல. உங்கம்மா ஆத்துலேர்ந்து வரங்காட்டியும் போயிட்டான். அவன் மோரோ. நம்ம வீட்டு மேற்குக் கூரைக்குக் கீழே இருக்கான்.”

அவன் திரும்பவில்லை. கப்பலின் தளம் அவர்கள் கண்ணுக்கு நேராக வந்து, அதற்கும் கீழே போயிற்று.

“மேற்குக் கூரைக்கா” என்றான் கடைசியில்.

“ஆமா.”

“அங்கதான் நான் கோழிக்கூண்டு கட்டினேன்.”

“கட்டாதீங்கன்னு சொன்னேன். வெயில் அடிக்கும்னு சொன்னேன்.”

“வெயில் அடிக்கும்னுதான் சொன்னே.” பொட்டலத்தை அவள் கையில் திணித்தான். “இனிமே இதப் பேசாதே.”

பத்திஸ்தா நிழலில் மேஜை போட்டு வாசித்தார். பதினைந்து. பதினாறு. பதினேழு என்றதும் நிகானோர் “இருக்கு” என்றான், பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வதுபோல. நாற்பத்தொன்றோடு முடிந்தது. “விட்டுப்போனது ஏதாவது?”

டொமிதிலாவின் கை தானாக உயர்ந்தது.

“ஒண்ணு சேர்க்கணும் ஐயா. வீட்டுக் கொல்லையில இருக்கு.”

“பேரு?”

“பேரில்லை. மோரோ.”

அவர் எழுதிக்கொண்டே, “மோரோங்கறது குடும்பப் பேரா? முதல் பேரு சொல்லுங்கம்மா” என்றார். நகரத்து மனுஷர். ஆனால் சான் லினோக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்தச் சொல் தெரியும். எவரிஸ்டா மென்றுகொண்டிருந்த சோற்றை விழுங்காமல் மதினியைப் பார்த்தாள், பிறகு அண்ணனை.

“அது குடும்பப் பேரு இல்லை சார்” என்று யாரிலிஸ் குனிந்து அவர் காதில் மெதுவாகச் சொன்னாள். அவர் தாளிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

“கொல்லைன்னா வீட்டுத் தலைவர் கையெழுத்துப் போடணும். அதுதான் விதி. நிகானோர் ஐயா, வரீங்களா?”

நிகானோர் எழுந்து வந்தான். மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

“எனக்குச் செத்தது ஒரு பிள்ளை. அது பதினேழு. ரெண்டு பிள்ளை சாகல.”

“தோண்டுறப்போ காலியா இருந்தா…” என்று இழுத்தார் பத்திஸ்தா.

“இருந்தா அந்த மண்ணை அள்ளிட்டுப் போங்க. முப்பத்தொரு வருஷம் நான் அந்த மண்ணுக்குத்தான் முட்டி போட்டேன்.”

டொமிதிலா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “என் கையெழுத்து வாங்கிக்குங்க ஐயா. நான்தானே பெத்தேன். எங்கே வச்சோம்னு எனக்குத்தானே தெரியும்.”

“உங்க கையெழுத்து மட்டும் செல்லாதும்மா” என்றார் பத்திஸ்தா. குரலில் கடுமை இல்லை. பாதி எழுதிய வரியின்மேல் கோடு போட்டு, பட்டியலை மூடினார்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. எவரிஸ்டா வரும்போது உட்கார்ந்திருந்த இடத்தை விட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள். டொமிதிலா முன்னிருக்கையைத் தட்டினாள்.

“பொண்ணே, எங்க வீடு வரைக்கும் தண்ணி எப்ப ஏறும்?”

“அணை முடியவே வருஷக்கணக்காகும்மா” என்றாள் யாரிலிஸ். “ஆனா ஆளுங்க மேட்டுக்குப் போகவேண்டியது வர்ற கோடைக்குள்ள. அதுக்கப்புறம் வேலி போட்டுடுவாங்க.” கொஞ்சம் தயங்கி, “மன்னிச்சிருங்கம்மா” என்றாள்.

“நீ என்ன பண்ணுவே.”

கோடை வந்தால் மண் இறுகிவிடும். மழையோடு மழையாகத் தோண்ட வேண்டும். கோழிக்கூண்டை முதலில் பிரிக்க வேண்டும். அது ஒருத்தியால் ஆகிற காரியமில்லை.

தார்ச்சாலை முடிந்து பஸ் மண்பாதையில் இறங்கியது. அதுவரை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்த நிகானோர் கேட்டான்:

“எவ்வளவு ஆழம்?”

“ஒரு முழம் இருக்கும். உங்கம்மா கையாலதான் தோண்டினாங்க.”

“பெட்டி?”

“பெட்டி ஏது. என் பாவாடையில சுத்தி வச்சோம்.”

அவன் தலையை ஆட்டினான். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

“முப்பத்தொரு வருஷக் கூரைத் தண்ணி” என்றான். “ஒரு முழத்துல எதுவும் மிஞ்சியிருக்காதுடி.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா எல்லார் முன்னாலயும் கை தூக்கினே?”

“தெரிஞ்சுதான்.”

பஸ் நின்றது. அவன் முதலில் இறங்கி, அவளுக்காக நிற்காமல், மழையில் வீட்டைப் பார்த்து நடந்தான். டொமிதிலா படியில் நின்று எவரிஸ்டாவைக் கூப்பிட்டாள்.

“உங்க வீட்டுக் கடப்பாரை வேணும். காலையில வந்து எடுத்துக்கறேன்.”

“வேணாம் மதினி” என்றாள் எவரிஸ்டா. “நானே கொண்டாரேன்.”